அக்காள் தேடுகிறாள், தங்கை பதில் சொல்லுகிறாள்

ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் பாலத்தைக் கண்டு வாய் பிளப்பார்கள். பாலம் கடந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மறுபடியும் அவர்கள் கண் திறப்பது ராமநாத ஸ்வாமி கோயில் கோபுரத்துக்கு எதிரில்தான். ஆகையால், நடுவழியில் இருக்கும் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்ற இரண்டு ஊர்களும் பெரும்பாலான யாத்திரிகர்களுக்கு வெறும் பெயர்ப் பலகைகளாகவே நின்றுவிடுகின்றன. கால்நடையாகச் சேது யாத்திரை வந்த காலத்தில், வருகிறவர்கள் தங்கி இளைப்பாற அக்காள் ஒருத்தியின் பெயரால் ஒரு மடமும், தங்கை ஒருத்தியின் பெயரால் ஒரு மடமும் எழுந்தன என்பது அங்கே வழங்கும் ஐதிகம். அடுத்தடுத்த ஊர்களில் சகோதரிகள் இருவரும் எத்தனையோ தலைமுறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அக்காளையும் தங்கையையும் கொண்டு ஒரு விஞ்ஞான விஷயத்தைச் சொல்லலாம் என்ற யோசனை எனக்கு அக்காள்மடத்துக் கடற்கரையிலேதான் உதித்தது. உதிக்கச் செய்தவர் ஒரு பெரியவர். வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். நான் கையில் குறிப்புப் புத்தகத்துடன் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, பேப்பரிலே எழுதுறவுகதானே?" என்றார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

"அஞ்சு ஜீ, அஞ்சு ஜீன்னு ஊரெல்லாம் சொல்லுறாக. பயலுகளைக் கேட்டா, ஒரு சினிமாப் படம் கண்ணு இமைக்குறதுக்குள்ளே இறங்கிரும்ங்கிறான். படம் இறங்கட்டும். அந்தக் கோபுரத்து அலை நடுக்கடலுக்கு எட்டுமா? வாடைக் காத்திலே எஞ்சின் நின்னு போனா வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அதை எழுதுங்க, தம்பி."

"எழுதுகிறேன், ஐயா" என்று வாக்களித்துவிட்டேன். வாக்களித்த பிறகுதான், அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கெங்கே சுற்றி வர வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தது. வாசகர்களும் கூடவே சற்றுச் சுற்றத்தான் வேண்டும்.

முதலில் அலை. செல்பேசியின் அலைகளில் ஒரே ஜாதி இல்லை. நம் நாட்டில் 2022-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் தொடங்கி ஆகஸ்டு முதல் தேதி வரை நடந்த ஏலத்தில், வினாடிக்கு 70 கோடி முறை துடிக்கும் அலைவரிசையும் விற்பனையாயிற்று. வினாடிக்கு 2,600 கோடி முறை துடிக்கும் அலைவரிசையும் விற்பனையாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கிற்று. இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் குணத்தில் இரண்டும் யானையும் அணிலும் போல. 70 கோடித் துடிப்புள்ள அலையின் நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். 2,600 கோடித் துடிப்புள்ள அலையின் நீளமோ சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட அலை வளைந்து கொடுக்கும். சுவரைக் கண்டு திகைக்காது. பனந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போகும். தண்ணீரின் மேல் வெகுதூரம் ஓடும். தநுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். நம் மணலில் நின்றுகொண்டிருக்கும்போதே, 'இலங்கைக்கு நல்வரவு' என்று செல்பேசியில் செய்தி வந்துவிடும். தலைமன்னார்ப் பக்கத்துக் கோபுரத்து அலைக்குக் கடவுச்சீட்டு ஏது? குட்டை அலைக்கு இந்தச் சாமர்த்தியங்கள் ஒன்றும் கிடையாது. அது கிட்டத்தட்ட வெளிச்சத்தைப் போல நடந்துகொள்ளும். நேர்கோட்டில் போகும், குறுக்கே ஒரு ஆள் நின்றால் அவன் முதுகுக்குப் பின்னால் நிழல் விழும். பின்னே எதற்காக அதைக் கட்டி அழ வேண்டும் என்றால், அதில் இடம் தாராளம். கீழ் அலைவரிசைகள் சந்தைக் கடைத்தெரு மாதிரி நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மேலே போனால் பொட்டல் வெளி. எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரே சமயத்தில் ஏராளமான செய்தியை அனுப்ப முடிவதின் ரகசியம் அதுதான்.

ஆனால் ஒரு கஷ்டம் இருக்கிறது. அலை குறுகக் குறுக, அதைப் பிடிக்கும் ஆகாசக் கம்பியும் குறுகுகிறது. அதன் கைக்குள் அகப்படும் சக்தியும் குறைகிறது. 70 கோடித் துடிப்பிலிருந்து 2,600 கோடித் துடிப்புக்குப் போனால், அதே மாதிரியான ஒற்றைக் கம்பியில், அதே தூரத்தில் வந்து சேரும் சக்தி ஆயிரத்து முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இது அலை வழியில் களைத்துப் போவதால் அன்று. ஏந்துகிற பாத்திரம் சிறுத்துப் போவதால். கல்யாண விருந்தில் அண்டா கொண்டு வருகிறவனுக்கும் உத்தரணி கொண்டு வருகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்.

இதற்குப் பரிகாரம் என்ன? நாலா பக்கமும் வீணாக இறைப்பதை நிறுத்தி, எல்லாச் சக்தியையும் ஒரே திசையில் குவித்து அனுப்ப வேண்டும். வாங்குகிறவனும் அந்தத் திசையை நோக்கியே காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அகல் விளக்கு எட்டாத தூரத்துக்குக் கைவிளக்கின் கதிர் எட்டுகிறதல்லவா?

இந்த வித்தையை உலகத்துக்கு முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் நம்மவர். கல்கத்தாவில் ஆசாரிய ஜகதீச சந்திர போஸ், 1895-ம் ஆண்டு நகர மண்டபத்தில் கூடியிருந்தவர்களுக்கு எதிரே, கம்பி ஏதும் இல்லாமல் எட்டத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைக் கொளுத்தினார். அவர் பயன்படுத்திய அலைகள் எவ்வளவு குட்டையானவை என்பதுதான் ஆச்சரியம். ஐந்து மில்லிமீட்டர் வரைக்கும் குறுக்கிப் பார்த்தவர் அவர். அதாவது வினாடிக்கு 6,000 கோடித் துடிப்பு. அலையைத் திரட்டிப் பிடிக்கப் புனல் போன்ற உலோக வாயைத் தாமே செய்துகொண்டார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இதே கருவிகளை வைத்துப் பிரசங்கம் செய்தார். வங்காளியில் தாம் எழுதிய கட்டுரைக்குக் 'காணாத ஒளி' என்று பொருள்படும் தலைப்பே கொடுத்தார். கம்பியில்லாத் தந்தி வியாபாரம் பிறகு மார்க்கோனி வழியில் நீண்ட அலைகளைத் தேடிப் போயிற்று. கடல் கடந்து செய்தி போக வேண்டியவர்களுக்கு அதுதான் உபயோகம். போஸின் மில்லிமீட்டர் அலைகள் வெகுகாலம் பரணில் கிடந்தன. இன்று அவற்றைத் தூசி தட்டி இறக்கி, 'புதுமை' என்று நமக்கே விற்கிறார்கள்! ஏலத்தில் போன 2,600 கோடித் துடிப்பு அலை, போஸ் கையாண்ட அலைகளின் பங்காளிதான்.

கதிராகக் குவித்து அனுப்பும் கம்பியில்லாத் தந்திக்கு நம் தேசத்தில் இன்னொரு பழைய கதையும் உண்டு. 1927-ம் ஆண்டு புனாவுக்கு அருகே கிர்க்கி, தவுண்டு என்னும் இடங்களில் நிலையங்கள் அமைத்து இங்கிலாந்துக்குக் 'கதிர்' முறையில் தந்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். கம்பித் திரைகளை வரிசையாகக் கட்டி ஒரே திசையை நோக்கி நிறுத்திவிட்டார்கள். அந்தக் கதிருக்குத் தேடும் வேலையே கிடையாது. இங்கிலாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அந்நாளில் நம்மை யாரும் மறக்க விட்டதில்லை!

கட்டி நிறுத்திய கதிர் அசையாது. அசையும் கதிர் வேண்டுமானால் என்ன செய்வது? கோபுரத்தின் உச்சியில் ஒரு ஆளை ஏற்றி, புனலை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்ல முடியுமா? அங்கேதான் ஒரு அழகான தந்திரம் வருகிறது. அதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் நீலகிரிக்குப் போகலாம். உதகமண்டலத்துக்கு அருகில் முத்தோரையில், பேராசிரியர் கோவிந்த ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-ம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி ஒன்று மலைச்சரிவோடு சரிந்து நிற்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்தச் சரிவின் சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்குச் சமமாகும்படி பொறுக்கியெடுத்தார்கள். அதனால் பூமியின் அச்சுக்கு இணையாகவே தொலைநோக்கி அமைந்துவிட்டது. கிழக்கிலிருந்து மேற்கே ஒரு நட்சத்திரத்தைத் தொடர்வதற்கு முழுவதையும் யந்திரத்தால் உருட்டுகிறார்கள். ஆனால் வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்புவதற்கு ஒரு ஆணியைக்கூட அசைப்பதில்லை. நீளவாட்டில் வரிசையாக நிற்கும் 1,056 சிறு கம்பிகளில், ஒவ்வொன்றும் பெறும் அலையைக் கொஞ்சம் கொஞ்சம் முன்பின்னாகத் தாமதப்படுத்திப் பிறகு கூட்டுகிறார்கள். தாமதத்தின் கணக்கை மாற்றினால் பார்க்கும் திசை மாறிவிடுகிறது.

தேர் இழுக்கிற ஜனங்களை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்த எல்லாரும் ஒரே கணத்தில் இழுத்தால் தேர் நேரே வரும். ஒரு பக்கத்தார் கொஞ்சம் முந்தி, மறு பக்கத்தார் கொஞ்சம் பிந்தி இழுத்தால் தேர் சாய்ந்து திரும்பும். யாரும் நின்ற இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. இதே வித்தையைக் கொண்டுதான் செல்பேசிக் கோபுரமும் கதிரைத் திருப்புகிறது. அலை குட்டையானதால் கம்பிகளும் பொடியானவை. எட்டுக்கு எட்டாக 64 கம்பிகளை, பாதி அலைநீள இடைவெளியில் அடுக்கினாலும் ஐந்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடும். உள்ளங்கை அகலம்கூட வேண்டாம். முத்தோரையில் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் வித்தை, இங்கே ஒரு வெற்றிலைக்குள் அடங்குகிறது. அப்படி அடுக்கிய வரிசையின் கதிர் ஏறக்குறைய 13 பாகை அகலம் இருக்கும். கம்பிகளை இன்னும் கூட்டினால் கதிர் இன்னும் மெலியும், இன்னும் எட்டும்.

நிற்க. முத்தோரைத் தொலைநோக்கிக்கும் செல்பேசிக் கோபுரத்துக்கும் ஒரு முக்கியமான பேதம் இருக்கிறது. எந்த நட்சத்திரம் எந்த நாழிகையில் எங்கே நிற்கும் என்பது கணிதத்தால் முன்கூட்டியே தெரியும். ஆனால் அக்காள்மடத்துக் கடைத்தெருவில் சட்டைப்பையில் செல்பேசியோடு நடக்கிற மனிதர் அடுத்த நிமிஷம் எந்தப் பக்கம் திரும்புவார் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது? கதிர் மெலிய மெலியத்தான் தூரம் எட்டும். கதிர் மெலிய மெலியத்தான் குறி தவறும். கோபுரத்துக்குச் செல்பேசி இருக்குமிடம் தெரியாது. செல்பேசிக்குக் கோபுரம் இருக்குமிடம் தெரியாது. இருவரும் குறுகிய கதிரோடு இருட்டில் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தேடலுக்குத்தான் எஞ்சினியர்கள் 'பீம் டிரெய்னிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிரெய்னிங் என்றால் நமக்குத் தண்டால், பஸ்கி ஞாபகம் வருகிறது. பீரங்கியின் வாயைக் குறியை நோக்கித் திருப்புவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வழங்குகிறது. எனக்கு இந்த அர்த்தந்தான் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நான் தங்கியிருந்த வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண்ணும் ஒன்பது வயதில் அவள் தங்கையும் இருந்தார்கள். அக்காள்மடத்தில் ஒரு அக்காளும் தங்கையும்! இவர்களை விட வேறு பரிசோதனைச் சாலை எதற்கு? அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் மூவரும் மணலுக்குப் போனோம். நூறு தப்படி இடைவெளியில் இருவரையும் நிறுத்தி, ஒவ்வொருத்தியைச் சுற்றியும் எட்டுத் திசைக்கு எட்டுச் சங்கு நட்டேன். அக்காள் கையில் கைவிளக்கு. வெளிச்சம் சிந்தாதபடி அதன் முகத்தில் கறுப்புக் காகிதக் குழல். தங்கையின் ஒரு கண்ணில், பழைய வாரப் பத்திரிகை ஒன்றைச் சுருட்டிச் செய்த குழல். மற்றக் கண் மூடியிருக்க வேண்டும். இருவர் கண்ணையும் கட்டி, தட்டாமாலை சுற்றி, திசை மறந்துபோகும்படி செய்துவிட்டுக் கட்டை அவிழ்த்தேன்.

ஆட்டத்தின் விதி இது. அக்காள் ஒரு சங்கின் திசையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தங்கை தன் எட்டுச் சங்குகளின் திசையிலும் குழலை வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாவிட்டால் கை தட்டுவாள். அக்காள் அடுத்த சங்குக்குப் போவாள். எட்டை எட்டால் பெருக்கினால் 64. அத்தனை முறைக்குள் எப்படியும் சந்தித்தாக வேண்டும். முதல் ஆட்டத்தில் 43-வது முறையில்தான், "தெரியுது அக்கா!" என்ற கூச்சல் கேட்டது. அதற்குள் தங்கைக்குக் கால் கடுத்து, எனக்கும் இந்த விஞ்ஞானத்தின் பேரில் சற்றுச் சலிப்புத் தட்டிவிட்டது.

இரண்டாவது ஆட்டத்துக்குமுன் அக்காள் ஒரு யோசனை சொன்னாள். வீட்டிலிருந்து அரிக்கேன் விளக்கும் இரண்டு முறங்களும் எடுத்து வந்தாள். முதலில் அரிக்கேனுக்குப் பின்னால் ஒரு முறத்தைப் பிடித்து, பாதி வட்டம் முழுவதும் வெளிச்சம் விழச் செய்தாள். அந்தப் பாதியில் தங்கை தென்படாவிட்டால் மறு பாதி. ஆக, தங்கை அதிகபட்சம் 16 முறை குழலைத் திருப்பினால் போதும், வெளிச்சம் வரும் திசை தெரிந்துவிடும். தெரிந்ததும் அவள் அசையாமல் நின்றுகொள்வாள். பிறகு அக்காள் இரண்டு முறங்களால் வெளிச்சத்தைக் கால் வட்டமாக ஒடுக்கி இரண்டு முறை, கடைசியில் கைவிளக்கை எடுத்து இரண்டு முறை. ஆக மொத்தம் 20. அறுபத்து நாலு எங்கே, இருபது எங்கே! முதலில் அகன்ற கதிரால் துழாவிப் பிறகு மெல்லிய கதிருக்கு இறங்கும் இந்த முறையைக் குறித்து எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அரிக்கேன் விளக்கையும் முறத்தையும் எடுத்துவரச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உற்சாகத்தில் இருவரையும் முந்நூறு தப்படிக்கு விலக்கி நிறுத்தினேன். இந்தத் தடவை தங்கை சரியான திசையிலேயே குழலை வைத்தாள். அரிக்கேனின் மங்கலான வெளிச்சம் அவள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டது எது தெரியுமா? கடற்கரை மீன் வாடி ஒன்றின் மின்விளக்கு! "இதோ தெரியுது!" என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்காள் என்ன செய்தும் பயன் இல்லை, மறுபடியும் முதலிலிருந்துதான். அகன்ற கதிர் சீக்கிரம் துழாவும்; ஆனால் வெகுதூரம் எட்டாது. முதல் படியில் ஏமாந்தால் அதற்கப்புறம் உள்ள படிகள் எல்லாம் வீண். சிக்கனமும் ஜாக்கிரதையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இடம் இதுதான். நிபுணர்கள் இன்னும் இதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது ஆட்டத்தில் சந்திப்பு ஐந்தே முறையில் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் தட்டிற்று. விசாரித்ததில் குற்றம் வெளிப்பட்டது: தங்கை குழலுக்கு வெளியே மற்றக் கண்ணைச் சற்றுத் திறந்து, அக்காள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று நோட்டம் பார்த்திருக்கிறாள். "கள்ளாட்டம்!" என்று அக்காள் சண்டைக்குப் போனாள். நான் மத்தியஸ்தம் செய்து, இதைத்தான் இக்காலத்து ஆராய்ச்சிக்காரர்கள் மெனக்கெட்டுச் செய்கிறார்கள் என்று சொல்லித் தங்கைக்கு விடுதலை கொடுத்தேன். உண்மைதான். குட்டை அலைக் கதிரைக் கண்மூடித்தனமாகச் சுழற்றுவதற்குப் பதில், அதே செல்பேசி ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் நீண்ட அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக மட்டும் தேடினால் பாதி வேலை மிச்சம். செல்பேசி இருக்கும் இடம், முன்பு சந்தித்த திசை முதலிய துப்புகளையும் சேர்த்துக்கொண்டு யந்திரமே ஊகிக்கக் கற்பிக்கிறார்கள்.

நிஜமான கோபுரம் இந்த ஆட்டத்தை எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று கேளுங்கள். உயர்ந்த அலைவரிசையில் அது 64 திசை வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதிரைக் காட்டலாம் என்பது சர்வதேச விதி. அவ்வளவையும் ஐந்து மில்லி வினாடிக்குள், அதாவது ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்குக்குள், காட்டி முடித்துவிடும். பொதுவாக, புதிதாக வருகிறவர்களுக்காக 20 மில்லி வினாடிக்கு ஒரு முறை இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கும். ஒவ்வொரு கதிரோடும் அதன் எண்ணும் கூடப் போகிறது. அக்காள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக்கொண்டே விளக்கைத் திருப்புவது போல. செல்பேசி ஒரு சுற்று முழுவதும் ஒரே பக்கம் காது கொடுத்து நிற்கும். அடுத்த சுற்றில் வேறு பக்கம். அதற்கு எட்டுத் திசை இருந்தால் எட்டுச் சுற்று. மொத்தம் 160 மில்லி வினாடி. நாம் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் 512 ஜோடித் திசைகளையும் அவை பார்த்து முடித்துவிடுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், தங்கை பதில் சொல்லும் விதம். 'உன் 37-வது கதிர்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தது' என்று அவள் சொல்ல வேண்டும். ஆனால் அக்காளுடன் இன்னும் பேச்சு வார்த்தையே ஏற்படவில்லையே! ஆகையால் ஒவ்வொரு கதிருக்கும் பதில் சொல்ல ஒரு தனி வேளையை முன்னதாகவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 37-வது கதிரைக் கண்டவள், அதற்குரிய வேளை வரும் வரைக்கும் காத்திருந்து ஒரு சிறு குரல் கொடுப்பாள். என்ன சொன்னாள் என்பது இரண்டாம் பட்சம். எப்போது சொன்னாள் என்பதைக் கொண்டே அக்காளுக்கு விஷயம் விளங்கிவிடும். நம் வீடுகளில் சமையலறையில் பாத்திரம் விழும் நேரத்தைக் கொண்டே குடும்பத்தில் பாதிச் செய்தி பரிமாறப்படுகிறதல்லவா, அந்த மாதிரி.

சந்தித்தவுடன் வேலை முடிந்துவிடாது. மேலும் மெல்லிய கதிரைக் கொண்டு குறியைச் செம்மை செய்ய வேண்டும். ஆள் நகர நகரக் கதிர் பின்தொடர வேண்டும். குறுக்கே ஒரு லாரி வந்து நின்றால் சுவரில் பட்டுத் திரும்பும் வேறு பாதையைப் பிடிக்க வேண்டும். செல்பேசியைப் பிடித்திருக்கும் கை அதன் கம்பிகளை மறைத்தாலே போதும். சக்தி பெருமளவு செத்துவிடும். இத்தகைய நுணுக்கங்களை நம் தேசத்திலேயே சோதித்துப் பார்ப்பதற்காகச் சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு ஸ்தாபனங்கள் கூடி 220 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு சோதனைத் தளம் அமைத்தன. 2022 மே 17-ம் தேதி அது திறக்கப்பட்டது. அதுவரை நம்மவர்கள் செய்த கருவியைச் சரிபார்க்கவும் வெளிநாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்றால், போஸ் பிறந்த நாட்டுக்கு அது பெருமையா?

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். நாலு நாள் கழித்து அவரைத் தேடிக்கொண்டு மறுபடியும் கடற்கரைக்குப் போனேன். வடகடல் பக்கம் காற்று இலேசாக எழும்பியிருந்தது. நான் கற்றதையெல்லாம் மணலில் கோடு கிழித்துச் சொன்னேன்.

அந்த உயர்ந்த அலை அவருடைய வள்ளத்துக்கு எட்டாது என்பதை மறைக்காமல் சொன்னேன். கரையிலிருந்து பார்த்தால் வள்ளம் இருக்கும் திசை அதிகம் மாறாது. கோபுரத்தின் கதிர் அதைப் பின்தொடர்ந்துவிடும். ஆனால் வள்ளத்தில் இருக்கும் செல்பேசி அலையோடு அலையாகப் புரளுகிறது. ஒரு கணம் அதன் முகம் கரையைப் பார்க்கும். மறு கணம் ஆகாயத்தைப் பார்க்கும். கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த திசை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கையைவிட்டு நழுவும். திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். மழை வந்தால் கேட்க வேண்டியதில்லை. மணிக்கு 50 மில்லிமீட்டர் கணக்கில் கொட்டுகிற மழையில், 2,600 கோடித் துடிப்புள்ள அலை ஒரு கிலோமீட்டர் கடப்பதற்குள் ஆறில் ஒரு பங்காக இளைத்துவிடும். இருநூறு, முந்நூறு மீட்டர் தூரத்தில் கதிர் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய நஷ்டம் அல்ல. ஊருக்குள் ஒரு கோபுரத்திலிருந்து பள்ளிக்கூடத்தின் கூரைக்கும், வைத்தியசாலையின் கூரைக்கும், கம்பி இழுக்காமலே வேகமான இணைப்புக் கொடுக்க இது மிகவும் ஏற்றது. கூரை ஆடாது, ஒரு முறை குறி வைத்தால் வைத்ததுதான். பத்துக் கிலோமீட்டர் வெளியே, இடியும் மழையுமாக இருக்கும்போது வள்ளத்தில் நிற்கிறவனுக்கு இதனால் பிரயோஜனம் இல்லை.

"அப்போ எதுதான் எட்டும்?" என்றார் பெரியவர்.

நீண்ட அலைதான் எட்டும். நாற்பது மீட்டர் உயரக் கோபுரமும், வள்ளத்தில் மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு கம்பியும் இருந்தால், பூமியின் வளைவு மறைக்காமல் ஏறக்குறைய 33 கிலோமீட்டர் வரை ஒன்றையொன்று பார்க்கலாம். ராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தொலைக்காட்சிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அவ்வளவு உயரத்தில் ஒரு கம்பி இருந்தால், நீர்மட்டத்தில்கூட 70 கிலோமீட்டருக்கு மேல் பார்வை எட்டும். படகுகளில் வைத்திருக்கும் வி.எச்.எப். கருவியின் ஆபத்து அழைப்புக்கு உலகமெங்கும் 16-வது எண் வரிசையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் அலை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். அதன் ஒற்றைக் கம்பி நாலா பக்கமும் அலையை இறைக்கிறது. மேலே 'வீண்' என்று நான் இகழ்ந்த அதே இறைப்புத்தான்! கவிழ்ந்துகொண்டிருக்கும் படகில் இருப்பவனுக்குக் குறி பார்த்துக்கொண்டிருக்க அவகாசம் ஏது? எந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாலும் கேட்கிற அலைதான் அவனுக்கு வேண்டும்.

ஆனால் அந்த அலைக்கும் அடிவானம் ஓர் எல்லை. 2017 நவம்பர் 30-ம் தேதி ஓகி புயல் கன்னியாகுமரிக் கடலில் அடித்தபோது, வெகுதூரம் போயிருந்த படகுகளுக்குக் கரையிலிருந்து கொடுத்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கு மேற்பட்ட மீனவர்கள் மாண்டும் காணாமலும் போனார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், அடிவானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் செயற்கைக் கோளின் வழியாகச் செய்தி அனுப்பிப் பெறும் சிறு கருவிகளைப் படகுகளில் பொருத்தும் யோசனை வலுப்பெற்றது. நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அந்தக் கருவியை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டம், 364 கோடி ரூபாய் மதிப்பில், 2024 ஆகஸ்டு 30-ம் தேதி தொடங்கப்பட்டது. அதில் சினிமாப் படம் இறங்காது. 'புயல் வருகிறது, திரும்பு' என்ற சில எழுத்துக்கள் இறங்கும். 'நான் ஆபத்தில் இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்' என்ற சில எழுத்துக்கள் ஏறும்.

என் அபிப்பிராயத்தை ஒளிப்பானேன்? கடற்கரை ஊர்களில் புதிய கோபுரம் நடுகிறவர்கள், அந்தக் கோபுரத்தின் மிக வேகமான கதிரைப் பற்றிப் பத்திரிகையில் முழுப் பக்கம் விளம்பரம் செய்கிறார்கள். அதே கோபுரத்தில், கடலைப் பார்த்த பக்கம், கீழ் அலைவரிசைக் கம்பி ஒன்று எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சக்தியோடு நிற்கிறது என்பதைப் பற்றி ஒரு வரி எழுதுகிறவர்களைக் காணோம். அக்காள்மடத்தைப் போன்ற ஊரில் பாதி ஜனங்களின் பிழைப்பு தண்ணீரின் மேல் நடக்கிறது. அவர்களும் கட்டணம் கட்டுகிறவர்கள்தானே?

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். கதிர், கம்பி, பாகை முதலியவற்றில் எவ்வளவு அவர் மனத்தில் இறங்கிற்றோ தெரியாது. அக்காளும் தங்கையும் விளக்கு வைத்து ஆடின ஆட்டத்தை மட்டும் இரண்டாந்தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

"சரிதான் தம்பி. அது கரைக்கு, இது கடலுக்கு" என்று சொல்லி, பலகைக்கு அடியில் கை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். இரண்டு நெகிழிப் பைகளுக்குள் பொதிந்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய வி.எச்.எப். கருவி. அவிழ்த்து, திருகியைத் திருப்பி, கரகரவென்று இரைச்சல் கேட்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். கேட்டது. மறுபடியும் பொதிந்து, வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றி, பழைய இடத்திலேயே செருகிவிட்டு, வாடைக் காற்று எந்த மட்டில் இருக்கிறதென்று பார்க்க எழுந்து போனார்.